சரள் ரோடும் மேலத்தெருவும்

இந்த நாட்டில் எனக்கு வழி விடுகிறார்கள். இதில் என்ன அதிசயம் என்று கேட்கிறவர்கள், பிறந்த நாள் முதல் வழி விடப்பட்டே வளர்ந்தவர்களாக இருக்கலாம். மலாய் நாட்டின் மேற்குக் கடற்கரை ஓரமாக, ஒரு ரப்பர் தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குச் சிவந்த சரள் ரோடு ஒன்று போகிறது. ஒரு பக்கம் சேறும் கடலும், மறுபக்கம் தென்னையும் ரப்பரும். மாட்டு வண்டிகூட எப்போதாவதுதான் வரும். நடுவில் ஒரு கம்போங், அதாவது மலாய்க்காரர்களின் குடியிருப்பு. நான் இங்கே தோட்டத்து டிரஸ்ஸர்; காய்ச்சலுக்குக் கொயினா கொடுத்து, புண்ணுக்குக் கட்டுப் போடுகிற ஆள். மருந்துப் பெட்டியோடு சைக்கிளில் முதல் முறை அந்தக் கம்போங்குக்குள் நுழைந்தபோது, எதிரே நடந்து வந்தவர்கள் ஓரமாக ஒதுங்கி நின்றார்கள். எனக்குப் பின்னால் யாரோ பெரிய மனிதர் வருகிறார் போலும் என்று திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. பார்த்த வேகத்தில் வாய்க்காலில் போய் விழுந்தேன்.

என்னைத் தூக்கி விட்டவர் பா சாலே என்ற மீன்பிடிக்காரர். எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது என்று அன்றே முடிவு கட்டிவிட்டார். அதன் பிறகு பல வாரம், நான் வரும்போதெல்லாம் வலையைக் கீழே போட்டுவிட்டுக் கையை நீட்டி, முன்னால் பார், முன்னால் பார் என்று ஜாடை காட்டுவார். நன்றாக ஓட்டிவிட்டால் தலையாட்டுவார், தாமே கற்றுக்கொடுத்ததுபோல. அன்று நான் ஏன் திரும்பிப் பார்த்தேன் என்று விளக்க என்னிடம் மலாய் போதவில்லை. போதியிருந்தாலும் அவருக்கு விளங்கியிருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

ஓட்டத் தெரியாதவனாம்! பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் மருந்தகத்தில் நான் கம்பவுண்டராக இருந்தபோதே, அங்கிருந்த வெள்ளைக்கார டாக்டர் தமக்குப் புதுச் சைக்கிள் வந்ததும் பழையதை என்னிடம் தள்ளிவிட்டார். ஆற்றங்கரை ஊர்களுக்கு மருந்து கொண்டு போவது என் வேலை. ஒரு நாள் சீவலப்பேரிப் பக்கம், இன்னொரு நாள் ஸ்ரீவைகுண்டம் தாண்டிக் கொற்கை வரை. மழை ஓய்ந்து புதுச் சரள் கொட்டியிருக்கும் நாட்களில் சக்கரம் வழுக்கும். வண்டித்தடம் அழுந்திய இடமாகப் பார்த்து, கைப்பிடியை இறுக்காமல் பதமாக விட வேண்டும். உடைமுள் வேறு டயரைப் பதம் பார்க்கும். ஆனால் கொற்கையை நெருங்க நெருங்க வயல் குறைந்து பனை வரும், காற்றில் உப்பு வரும், எதிரே ஒரு வண்டி இராது. பாண்டியன் கப்பல் வந்து நின்ற துறை என்பார்கள். எனக்கு எதிர்ப்பட்டதெல்லாம் ஆட்டு மந்தைதான். அந்த ரோட்டில் கைகளை விட்டு ஓட்டியிருக்கிறேன், தொண்டை கிழியக் கீர்த்தனை பாடியிருக்கிறேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு வேறு எதிலும் வாய்த்ததில்லை.

ஆனால் ரோட்டில்தான் ஓட்டலாம், தெருவில் ஓட்டக் கூடாது. மேலத்தெரு தொடங்குகிற இடத்தில் எங்கள் ஆட்கள் இறங்கி, செருப்பைக் கழற்றிக் கைப்பிடியில் மாட்டி, தோளில் கிடக்கும் துண்டை இடுப்புக்கு இறக்கி, தெரு முடியும் வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். நெல்லைச் சீமையில் பிறந்தவர்களுக்கு இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. டாக்டருக்கு இது தெரியாது. அவர் போய்வரும் அதே வழிக்கு எனக்கு மட்டும் நேரம் கூடுதலாகிறதே என்று பார்த்து, நான் ஊருக்கு ஊர் நின்று அரட்டை அடிப்பதாக எண்ணிக்கொண்டார். நானும் தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன். அரட்டைக்காரன் என்ற பெயர் உண்மையைச் சொல்வதைவிட எனக்குச் சௌகரியமாக இருந்தது.

கடல் கடந்து வந்த பின் முதல் முறை விடுப்பில் ஊருக்குப் போனேன். என் ஐயா, அதாவது அப்பா, சீவலப்பேரிக்குப் பக்கத்தில் ஒரு பண்ணையில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர். நான் போய்ச் சேர்ந்தபோது காய்ச்சலில் சுருண்டு கிடந்தார். உடம்பைத் தொட முடியவில்லை. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனால்தான் பிழைப்பார் என்று தெரிந்தது. வண்டி ஒன்றும் அகப்படவில்லை. மருந்தகத்தில் கிடந்த என் பழைய சைக்கிளை இரவல் வாங்கி வந்திருந்தேன். மருந்துப் பெட்டி வைக்கும் கேரியரில் அவரை உட்கார வைத்து, சரிந்து விழாமல் இருக்க ஒரு வேட்டியால் என் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

அன்று ஆற்றங்கரைக் கோயிலில் கொடைத் திருவிழா. வழியில் இருந்த மேலத்தெரு முழுவதும் அங்கே போயிருந்தது; கதவெல்லாம் சாத்திக் கிடந்தது. கட்டிப் போட்ட ஒரு கன்றுக்குட்டியைத் தவிர அந்தத் தெருவில் உயிர் என்று எதுவும் இல்லை. நல்ல காலம், நிற்காமல் போய்விடலாம் என்று மிதியை அழுத்தினேன். முதுகில் ஐயாவின் கை தட்டியது.

"ஏலே, நிப்பாட்டு."

"என்னய்யா, வாந்தி வருதா?"

"மேலத்தெருல்லா வருது. எறங்கணும்."

"ஒரு ஈ காக்கா இல்லய்யா. எல்லாரும் கொடைக்குப் போயிருக்காவ. கண்ண மூடிக்கிடுங்க, அந்தால தாண்டிருவோம்."

"நீ நாளைக்குக் கப்பல் ஏறிருவே. நான் இங்கனதானலே கெடக்கணும்."

சொல்லிக்கொண்டே என் இடுப்பில் போட்ட முடிச்சை அவிழ்க்கத் தொடங்கிவிட்டார். முடிச்சு லேசில் வரவில்லை, அவரும் விடவில்லை. இறங்கி, சைக்கிள் சீட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நானும் செருப்பைக் கழற்றி மாட்டிவிட்டுத் தள்ளினேன். பாதித் தெருவில் மூச்சு வாங்கியது. அங்கே உட்காரக் கூடாது என்பதால் நின்றபடியே இளைப்பாறினார். எனக்கு வந்த கோபம் யார் மேல் என்று இன்றும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்தச் சாத்திய கதவுகள் மேலா, அவர் மேலா, செருப்பைக் கழற்றிய என் மேலேயா? தெரு முடிந்த இடத்தில் அவரைத் தூக்கித்தான் திரும்ப உட்கார வைக்க வேண்டியிருந்தது.

ஐயா பிழைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் அவர் கட்டிலருகே உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஒரே ஓர் ஆசைதான். இந்த மனிதர் சாவதற்குள் ஒரு தெருவையாவது உட்கார்ந்தபடி கடந்துபோக வேண்டும். அம்மா முன்பே போய்விட்டாள். அவர் காய்ச்சலில் கிடந்த நேரத்தில் பண்ணையில் தண்ணீர் பாய்ச்ச வேறு ஆளையும் வைத்துவிட்டார்கள். என்னோடு மலாய் நாட்டுக்கு வந்துவிடுங்கள் என்றேன். "வாரேன்லே" என்று ஒரு வார்த்தையில் சம்மதித்தார். வயதான காலத்தில் அப்பனைக் கூட வைத்துப் பார்த்துக்கொள்ளப் போகிறேன் என்று சொந்தக்காரர்களிடம் சொன்னேன். அதுவும் பொய்யில்லை. ஆனால் நாகப்பட்டினத்தில் அவரைக் கப்பலேற்றியபோது என் மனதில் இருந்தது அந்த மேலத்தெருதான்.

கப்பலில் வாந்தி எடுத்த நேரம் போக மீதி நேரமெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டு வந்தார். பினாங்கில் இறங்கித் தோட்டத்துக்கு வந்து சேர்ந்த மறுநாள் காலை, அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "இங்க மேலத்தெரு எங்கனலே?" இங்கே அப்படி ஒன்றும் கிடையாது என்று, இந்த நாடே என் சொந்தம்போல மிதப்பாகச் சொன்னேன். அவர் நம்பவில்லை. கம்போங் வழியாக நடக்கும்போது யாரைக் கண்டாலும் புல்லில் இறங்கி நின்றுவிடுவார். ஒரு நாள் எதிரே வந்த பா சாலே, வயதானவராயிற்றே என்று அந்தப் பக்கம் ஒதுங்க, ஐயா இந்தப் பக்கம் ஒதுங்க, நடுவில் ரோடு சும்மா கிடந்தது. யார் முதலில் போவது என்று இருவருக்கும் தெரியவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்ததும், கடல் பார்க்கலாம் வாருங்கள் என்று அவரைக் கேரியரில் ஏற்றிக்கொண்டேன். வெயில் தாழ்ந்திருந்தது. சரளில் சக்கரம் ஓடும் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. முதலில் என் சட்டையை இறுகப் பிடித்திருந்தவர் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடியைத் தளர்த்தினார். "ஏலே, காத்து நல்லா அடிக்கில்லா" என்றார். கம்போங் வந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டினேன். அவர் அசையவில்லை. இரண்டு பக்கமும் வீடுகள், வாசலில் ஆட்கள், கோழிகள், குழந்தைகள். எல்லாவற்றையும் உட்கார்ந்தபடியே கடந்து வந்துவிட்டார். எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. என் ஆசை நிறைவேறிவிட்டது என்று கடவுளுக்கு நன்றிகூடச் சொல்லிவிட்டேன்.

திரும்பும்போது பக்கத்துத் தோட்டத்தின் வழியாக வந்தேன். அங்கே கூலியாட்கள் தங்கும் வரிசை வீடுகளாகப் புதிதாக ஒரு லயம் கட்டியிருந்தார்கள். ஊரிலிருந்து புதுக் கூலியாட்கள் வந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேனே தவிர எந்தப் பக்கத்து ஆட்கள் என்று தெரியாது. லயத்துக்கு முன்னால் தண்ணீர்த் தொட்டியடியில் சில பெண்கள் நின்றார்கள். அதில் ஒருத்தி இன்னொருத்தியை அதட்டினாள்.

"ஏட்டி, பைய மொள்ளு. கலங்குதுல்லா."

அது நெல்லைச் சீமைப் பேச்சு. பின்னால் ஐயாவின் உடம்பு நிமிர்ந்ததை என் முதுகில் உணர்ந்தேன். கப்பலேறிய நாள் முதல் அவர் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் கேட்டதில்லை.

"நிப்பாட்டுலே! நம்ம ஊர்க்காரவ இருக்காவ."

நிறுத்தினேன். பேசத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். அவர் இறங்கி, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்து, தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டிருந்தார்.

"அவிய யாருன்னே தெரியாதுய்யா. நம்ம ஆளுவளாக்கூட இருக்கலாம்."

"அத எறங்கின பொறவு கேட்டுக்கிடலாம்லே."

முகமெல்லாம் சிரிப்பாக, செருப்பைக் கையில் பிடித்தபடி, ரோட்டின் ஓரமாகவே அந்தப் பெண்களை நோக்கி நடந்தார். அவர்களில் ஒருத்தி குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "எந்த ஊருய்யா?" என்று அங்கிருந்தே கேட்டாள். சீவலப்பேரி என்று ஐயா எட்டி நின்றே சொன்னார். இந்த முறை நான் இறங்குவதில்லை என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அவரை விட்டுவிட்டு ஓட்டிப் போகவும் மனம் வரவில்லை. ஒரு காலை மிதியில் வைத்து, மறு காலால் சரளை உந்தி உந்தி, அவர் நடைக்கு ஈடாக அவர் பின்னால் போய்க்கொண்டிருந்தேன்.