மேசைவிரிப்பில் சுற்றிய துவக்கு

என் அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு வெள்ளை மேசைவிரிப்பு இருக்கிறது. ஓரத்தில் நீலக்கோடு, ஒரு மூலையில் துவக்குக் குழலுக்குப் பூசும் எண்ணெயின் மங்கிய கறை. சுவிஸின் இன்டர்லாக்கனில் நான் வேலை செய்த ஹோட்டலுக்கு உரியது. பொலிஸ் திருப்பித் தந்தபோது ஹோட்டல் வேண்டாம் என்றது. கறை பட்டதை விருந்தினர் மேசையில் போட முடியாது.

எண்பதுகளின் நடுப்பகுதி. அந்த ஹோட்டல் குசினியில் நானும் அண்ணையும் பாத்திரம் கழுவினோம். அவர் என் உடன்பிறந்தவர் அல்லர். மூத்தவர், ஒரே அறையில் இருந்தவர், அதனால் அண்ணை. இருவருடைய அகதி விண்ணப்பமும் முடிவாகாமல் கிடந்தது. அவருடைய விசாரணை அந்த இலையுதிர்காலத்தில் வரவிருந்தது. அங்கே சொல்லவேண்டியதை உருளைக்கிழங்கு சீவியபடியே என்னிடம் ஒப்புவித்துப் பார்ப்பார். முதல் வசனம், தான் வாழ்நாளில் ஆயுதம் தொட்டதில்லை என்பது. அது உண்மையும்கூட.

குசினித் தலைவரை எல்லோரும் ஷெஃப் என்போம். அவர் வேட்டைக்காரர். அந்தப் பருவத்தில் அவருடைய நண்பரான பேக்கரிக்காரரின் துவக்கு பழுதாகிவிட, தன்னுடையதை இரவல் கொடுக்க ஒப்புக்கொண்டார். ஒழுங்காகவே செய்தார். நண்பரின் வேட்டைப் பத்திரத்தை வாங்கிப் பார்த்தார். காப்புறுதி உண்டா என்று கேட்டார். தோட்டாக்களைத் தனியாக முன்னரே கொடுத்துவிட்டார். துவக்கு வெறுமையாக இருப்பதைத் திறந்து எங்களுக்கும் காட்டினார். ஆனால் கொடுக்கவேண்டிய அன்று மதியம் பெரிய விருந்து; அடுப்பை விட்டு அவரால் அசைய முடியவில்லை. சாஸைக் கிண்டிக்கொண்டே, அதைப் பேக்கரியில் கொடுத்துவிட்டு வரும்படி அண்ணையிடம் சொன்னார். பாண் வாங்கிவரச் சொல்லும் அதே குரல். அவர் சொன்ன எதையும் அண்ணை அதுவரை மறுத்ததில்லை.

அண்ணை துவக்கைக் கையால் தொடவில்லை. சலவைக் கூடையிலிருந்து ஒரு மேசைவிரிப்பை எடுத்து அதன்மேல் போட்டு, விரிப்போடு சேர்த்துத் தூக்கிச் சுற்றினார்.

"மாப்பிள்ளைக்கு வேட்டி கட்டியாச்சோ?" என்று சிரித்தேன். "தோளிலை கொழுவிக்கொண்டு போங்கோவன் அண்ணை. இஞ்சை எல்லாரும் அப்பிடித்தானே போகினம்."

"அவை போவினம். என்ரை மூஞ்சையைப் பார் முதல்."

"துணியோடை போனால்தான் கள்ளன் மாதிரிக் கிடக்கு."

"தொட்டனியோ எண்டு கேட்டால், இல்லை எண்டு சொல்லவேணும் எனக்கு. நீ பேசாமல் சட்டியைத் தேய்."

கடைத்தெரு வழியாகப் போயிருந்தால் ஐந்து நிமிடம். அவர் ஆற்றோரப் பின்பாதையால் போனார். விரிப்பு நீளம் போதாததால் குழலின் நுனி வெளியே தெரிந்தது. நாயோடு நடந்துவந்த ஒரு பெண்மணி பொலிசுக்குச் சொல்லிவிட்டார்.

பொலிஸ்காரர் மரியாதையாகவே பேசினார். அக்காலத்தில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு சட்டம். இரவல் கொடுத்தது பிழையில்லை என்று ஷெஃபிடம் சொன்னார். கொடுத்தவருக்கு உரிமை உண்டு, வாங்குபவருக்கும் உண்டு. ஆனால் கையிலிருந்து கைக்கு நேரே போயிருக்கவேண்டும். நடுவில் வந்த கைக்குப் பத்திரம் இல்லை. ஷெஃப் முகம் சிவந்து, பொறுப்பு தன்னுடையது என்று எழுதிக் கையெழுத்திட்டார். சிறிய தண்டத்தோடு அவருடைய பங்கு முடிந்தது.

பொலிஸ் அறிக்கை அகதி விசாரணைக்கும் போயிருந்தது. அங்கே அண்ணையிடம் முதலில் கேட்டதே அதுதான். தோட்டா இல்லாத துவக்கை ஏன் மறைத்துக் கொண்டுபோனீர்கள்?

"என்ன சொன்னனீங்கள்?" என்று கேட்டேன்.

"பயத்திலை எண்டன். ஆருக்குப் பயந்தனீங்கள் எண்டு கேட்டாங்கள்."

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அந்தத் துவக்குதான் காரணமா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. ஷெஃப் எங்கள் அறைக்கு வந்து, தொப்பியைக் கையில் பிடித்தபடி வாசலிலேயே நின்றார். எந்த அலுவலகத்துக்கும் தான் வந்து பேசுவதாகச் சொன்னார். அண்ணை அவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். "இந்த மனிசனிலை பிழை இல்லையடா," என்று என்னிடம் தமிழில் சொன்னார். ஒரு வாரத்துக்குள் அண்ணை பிரான்ஸ் பக்கம் போய்விட்டார். ஒருமுறை தொலைபேசியில் பேசினார். குளிர் எப்படி என்று கேட்டார். பிறகு தகவல் இல்லை. அவர் போன அன்று நான் அழவில்லை. இரண்டு பேருடைய பாத்திரம் கிடந்தது, கழுவினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அட்லிஸ்வில் முருகன் கோயிலுக்கு மகளோடு ரயிலில் போனேன். இராணுவப் பயிற்சிக்குப் போகும் ஒரு பையன் தோளில் துவக்கோடு ஏறினான். இங்கே பிறந்த என் மகள், கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல், தன் பையை நகர்த்தி அவனுக்கு இடம் விட்டாள். அவன் துவக்கை முழங்கால்களுக்கிடையில் நிறுத்திவிட்டு ஆப்பிள் கடித்தான். பெட்டியில் வேறு யாரும் திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்து அந்த விரிப்பை எடுத்துத் தரையில் விரித்தேன். இருவர் மேசைக்கு வெட்டியது. துவக்கின் நீளத்துக்கு ஒரு சாண் போதாது. பழைய மடிப்பிலேயே மடித்துக் கீழ்த்தட்டில் வைத்தேன்.