அத்தான் துடைத்த கண்ணாடி

என் அக்காவும் அத்தானும் ஜெராக்ஸ் கடை நடத்துகிறார்கள். பகல் முழுக்க ஊராரின் சான்றிதழ்களை நகலெடுத்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் அக்கா மொட்டைமாடிக்கு ஓடுவாள். அங்கே அவளுடைய டெலஸ்கோப் இருக்கிறது. கற்றுக்குட்டிகளுக்கானது, குழாயின் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி. முதல் மாதம் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் தவிர ஒன்றும் அகப்படவில்லை. அவள் விடவில்லை. நிலாவின் குழிகள், சனியின் வளையம் என்று ஒவ்வொன்றாகப் பிடித்தாள். அன்றெல்லாம் எனக்குப் போன் போட்டுக் காதைத் தின்றுவிடுவாள்.

அந்தக் கண்ணாடியில் தூசி படிந்தால் படியட்டும் என்று விட்டுவிட வேண்டும். ரொம்பப் போனால் ரப்பர் பல்பால் காற்று ஊதலாம். முகம் பார்க்கும் கண்ணாடி போலன்றி, இதில் பூச்சு மேல்பக்கமே இருப்பதால் துணி பட்டால் கீறிவிடும். இதை அக்கா அத்தானிடம் எத்தனை தடவை சொன்னாள் என்பதற்கு நானே சாட்சி.

அவருக்குச் சொன்னது காதில் ஏறினால்தானே? கேட்காமல் செய்வது ரத்தத்தில் ஊறியது. அக்காவின் சைக்கிளை யாருக்கோ தூக்கிக் கொடுத்தார். ஓர் ஆபீஸில் அவளுக்குக் கிடைத்த வேலையை, வேண்டாமென்று அவரே போன் செய்து சொன்னார். அக்கா எல்லாவற்றையும் முழுங்கினாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

போன வாரம் ஒரு வால் நட்சத்திரம் வந்தது. சூரியன் மறைந்தபின் மேற்கே அரைமணி நேரம், நாலே நாள்தான் தெரியும். அதற்காக அக்கா இரண்டு மாதமாக நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். முதல் நாள் பார்க்க என்னையும் அழைத்தாள். நாங்கள் மாடி ஏறியபோது அத்தான் சிரித்த முகமாக நின்றார். திருகுகளைக் கழற்றிக் கண்ணாடியை வெளியே எடுத்து, ஜெராக்ஸ் மெஷினைத் துடைக்கிற அதே ஸ்பிரிட்டும் துணியும் போட்டு அழுத்தித் தேய்த்துத் திரும்ப மாட்டியிருக்கிறார் மனுஷன். "பளபளன்னு ஆக்கிட்டேன், பாரு" என்றார்.

அக்கா குழாய்க்குள் டார்ச் அடித்தாள். கண்ணாடி முழுக்க வட்ட வட்டமாகக் கீறல். ஆனாலும் மேற்கே திருப்பி, வால் நட்சத்திரம் மறையும்வரை திருகித் திருகிப் பார்த்தாள். என்னையும் பார்க்கச் சொன்னாள். மங்கலாக ஏதோ கலங்கித் தெரிந்தது, அவ்வளவுதான்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்றாள் அத்தானிடம்.

"கேட்டா நீ வேண்டாம்னு சொல்லியிருப்பியே" என்றார் அவர், வெகு சாதாரணமாக.

அக்கா டெலஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு என்னோடு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். இன்னும் திரும்பிப் போகவில்லை. அத்தான் தினமும் எனக்குப் போன் செய்து, ஒரு கண்ணாடிக்கா இவ்வளவு என்று கேட்கிறார்.