செப்புப் பாத்திரத்தில் ஓர் இறால்

கிழக்கேகோட்டையில் எங்கள் அக்ரஹாரத் தெருவில் மீன் பையோடு நடப்பவன் நான் ஒருவன்தான். ஆட்டோக்காரர் பைக்குள் எட்டிப் பார்த்து, "கறி வைக்கானோ சாமீ?" என்று மலையாளத்தில் கேட்டார். சமைக்க இல்லை, வளர்க்க என்றேன். நம்பினாரோ என்னவோ.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் கண்ணாடி, பாறை எல்லாவற்றையும் பச்சைப் பாசி மூடிவிட்டது. அதைத் தின்ன நத்தைகளும், சந்துபொந்தைச் சுத்தம் செய்ய ஓர் இறாலும், கூடவே ஒரு சின்ன மஞ்சள் மீனும் வாங்கியிருந்தேன். முன்பு கொண்டுவந்தவற்றில் ஒரு மீனைத் தவிர எதுவும் நிலைக்கவில்லை. இந்தத் தடவையும் செத்தால் தொட்டியை எடுத்துவிடுவேன் என்று மனைவியிடம் சொல்லியிருந்தேன். மீன் என்றாலே முகம் சுளித்தவள், இப்போதெல்லாம் தொட்டி முன்னால் உட்கார்ந்துதான் காபி குடிக்கிறாள். நான் அப்படிச் சொன்னதும் அவள் முகம் வாடிவிட்டது.

மீனைப் பையோடு தொட்டியில் மிதக்கவிட்டேன். இறாலையும் நத்தைகளையும் வாளியில் விட்டு, மெல்லிய குழாயில் ஒரு முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீர் சொட்டுச் சொட்டாக அதில் விழும்படி வைத்தேன். தண்ணீர் மாறுவது அவற்றுக்குத் தெரியாமலே மாற வேண்டும். அவசரப்பட்டால் போச்சு. முடிச்சை இறுக்கினேன், தளர்த்தினேன், மறுபடி இறுக்கினேன். பிறகு மீனைத் திறந்துவிட்டு, பழைய மீன் அதைத் துரத்துமோ என்று கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றேன்.

திரும்பினால் வாளியைக் காணோம். புளி போட்டுத் தேய்த்த பூஜைச் செப்புப் பாத்திரத்தில் இறால் நின்றுகொண்டிருந்தது. குழாய் அதில் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஆத்துக்கு மொதமொதல்ல வர்ற ஜீவன் இல்லியோ? குளிக்கற வாளியிலயா விடறது? அதான் மாத்தினேன்" என்றாள் மனைவி.

செம்பு இறாலுக்கும் நத்தைக்கும் விஷம். உப்புத் தண்ணீரில் சீக்கிரம் கரையும். விஷத்தில் போட்டுவிட்டாயே என்று கத்திக்கொண்டே அவற்றைக் கண்ணாடிக் கிண்ணத்துக்கு மாற்றி, தண்ணீரை மாற்றி, மறுபடி மாற்றி, கடைசியில் தொட்டியில் விட்டேன். இறால் ஒரு பொந்துக்குள் போய் மறைந்தது. அவள் பாத்திரத்தைக் கொல்லையில் கொண்டுபோய்க் கவிழ்த்தாள்.

கடைக்காரருக்கு ஃபோன் செய்தேன். விளக்கைப் போடாமல், தொட்டியைத் தொடாமல் காலை வரை சும்மா இருக்கச் சொன்னார். சும்மா இருப்பது எனக்குப் பழக்கமில்லாத வேலை. சாப்பாடும் இறங்கவில்லை. அவளும் சரியாகச் சாப்பிடவில்லை.

காலையில் எழுந்து வந்தால், அவள் ஈரத் தலையோடு தொட்டி முன்னால் நின்றாள். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளும் இல்லை. கண் சிவந்திருந்தது.

"போயிடுத்து" என்றாள். "ஆத்துல ஒரு ஜீவன் போயிருக்கு. தலைக்கு விட்டுக்காம எப்படி விளக்கேத்தறது? நான்தான் கொன்னுட்டேன்."

மணலில் இறால் கிடந்தது. மீசை, கால் எல்லாம் அப்படியே இருந்தன. எடுத்துவிடலாம் என்று கையை விட்டேன். விரலில் எடையே தெரியவில்லை. உள்ளே ஒன்றுமில்லை, வெறும் ஓடு. குனிந்து பார்த்தேன். பொந்துக்குள் இரண்டு வெள்ளை மீசைகள் ஆடிக்கொண்டிருந்தன. நத்தைகள் பாசியைத் தின்றுகொண்டே ஏறியதில் கண்ணாடியில் தெளிவாகத் தடம் விழுந்திருந்தது.

சாகவில்லை, வளர்வதற்காகப் பழைய ஓட்டைக் கழற்றிப் போட்டிருக்கிறது என்றேன். அவள் நம்பாமல் என்னை விலக்கிவிட்டுத் தானே குனிந்து பார்த்தாள். வெகுநேரம் நிமிரவேயில்லை. தலையிலிருந்து சொட்டிய தண்ணீர் தரையில் தேங்கியது.

"அப்போ பொறந்திருக்குன்னு வச்சுக்கோங்கோ" என்றாள் கடைசியில். "பொறப்புத் தீட்டுக்கும் ஸ்நானம் உண்டு, கேட்டேளா. அது ஆத்துல எல்லாருக்கும்தான். போய்க் குளிச்சுட்டு வாங்கோ."

தீட்டு என்றாலே தர்க்கம் பேசுகிறவன் நான். அன்று மறுபேச்சில்லாமல் துண்டை எடுத்துக்கொண்டு போனேன்.