நிப்ராஸ் தைத்த கையில்லாத கவுன்

ஈராக்கின் பஸ்ரா தெருக்களை மதத்தின் பேரால் ஆயுதக்காரர்கள் ஆண்ட காலம். அஷார் கடைத்தெருவில் பெண்களுக்கான தையல்கடை வைத்திருந்தாள் நிப்ராஸ். நாற்பத்தொரு வயது, கல்யாணம் ஆகாதவள். டிவியில் அரபிக் குரல் கொடுத்து ஓடிய துருக்கித் தொடர்தான் அவள் கடையை நிரப்பியது. நாயகி நேற்று உடுத்தியதை இன்று கேட்டு வருவார்கள், பெண்கள் மட்டும் கூடும் விருந்தில் போட்டுக்கொள்ள.

"நேத்து அவன் பொண்டாட்டிகிட்ட மன்னிப்புக் கேட்டான், பாத்தியாக்கா? எங்க வீட்ல ஒண்ணு இருக்கே, டீ கேக்க மட்டும்தான் வாயத் தொறக்கும்!" என்பாள் ஒருத்தி.

சிரிப்பு தெருவுக்குக் கேட்டுவிடுமோ என்று நிப்ராஸ் பதறுவாள்.

ஒரு காலை ஷட்டருக்கடியில் ஓர் உறை கிடந்தது. உள்ளே ஒரு தோட்டா, ஒரு வரி: 'எங்கள் பெண்களைக் கெடுக்காதே.' வீட்டுக்கு எடுத்துப் போய்க் காட்டினாள்.

"உசுரு முக்கியம், மூடிரு" என்றாள் தங்கை ஷதா. மூடினாள். மெஷின் வீட்டுக்கு வந்தது. பின்னாலேயே பெண்களும் வந்தார்கள், கூடையில் கீரைக்கடியில் துணியை ஒளித்துக்கொண்டு. மறுக்க முடியவில்லை. கதவு தட்டப்படும்போதெல்லாம் துணி மெத்தைக்கடியில் போனது.

பதினோராம் நாள் மதியம் தட்டியவன் ஆயுதக்காரர்களின் கறுப்புச் சட்டை போட்டவன். இடுப்பில் துப்பாக்கி.

"தையக்காரி நிப்ராஸ் நீதானே?"

மனசுக்குள், சாகும் நேரத்தில் சொல்லும் கலிமா ஓடியது. "இப்ப தைக்கிறதில்லண்ணே. சத்தியமா."

அவன் தெருவை இருபுறமும் பார்த்துவிட்டு, சட்டைக்குள்ளிருந்து ஒரு பத்திரிகைத் தாளை எடுத்தான். அந்த நாயகியின் படம். கையில்லாத நீலக் கவுன்.

"தைக்கணும். எம் பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிட்டா. தொடர்ல வர்றவன மாதிரி என்னைக்காவது அன்பாப் பேசியிருக்கியான்னு கேக்குறா. எனக்குப் பேச வராது. இதக் குடுத்துப் பாக்குறேன்." அளவுக்கு ஒரு பழைய உடையை நீட்டினான். "வெளிய சொன்னே..." என்று நிறுத்தினான்.

மூன்று நாள் தைத்தாள். அளவு தப்பினால் என்ன ஆகுமோ என்று ஒவ்வொரு தையலையும் பழைய உடையோடு வைத்துப் பார்த்தாள். அவன் வந்து வாங்கிக்கொண்டு போனான்.

மறுவாரம் அபாயா என்ற கறுப்பு அங்கி போட்ட ஓர் இளம்பெண் வந்தாள், அதே கவுனோடு.

"அக்குள்ல இறுக்குதுக்கா. மத்தபடி அழகு. மன்னிப்பும் கேட்டாரு, தெரியுமா? சுவத்தப் பாத்துக்கிட்டுக் கேட்டாரு!"

தோட்டாவை வைத்தது அவள் புருஷன்தானா என்ற கேள்வி நிப்ராஸின் தொண்டைவரை வந்தது. விழுங்கிவிட்டு, தையலைப் பிரித்துத் தளர்த்திக் கொடுத்தாள்.

ஆயுதக்காரர்கள் ஒழிந்து, கடையை மறுபடி திறக்க ஒன்றரை வருடம் ஆயிற்று.