பஸ் ஏறிட்டாங்கன்னு சொன்ன ஃபாரின் சார்

சேலம் நாலு ரோடு பக்கம் இருக்கற அந்த பேப்பர் ஆபீஸ்ல ஜெபஸ்டினை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடறதில்ல. மெஷின் ரூம்ல இருந்து வாட்ச்மேன் வரைக்கும் 'ஃபாரின் சார்'தான். முகத்துக்கு முன்னாடி மரியாதை, முதுகுக்குப் பின்னாடி கேலி. விளம்பர செக்‌ஷன் ஜோதி கண்ணாடியை நெத்தியில ஏத்திவெச்சு, தொண்டையைக் கரகரன்னு ஆக்கிக்கிட்டு, "நான் கொழும்புல இருந்தப்ப..."ன்னு ஆரம்பிச்சா கேன்டீன்ல நாலு பேருக்கு டீ புரையேறும்.

கொழும்புல அவரு இருந்தது நிசந்தான். செவ்வாய்பேட்டை லாரி புக்கிங் ஆபீஸ் கிளார்க் உபகாரசாமியோட மகன். மேச்சேரி சந்தையில கெடா என்ன வெலைக்குப் போச்சுன்னு எழுதி அனுப்பிக்கிட்டிருந்த பகுதிநேர நிருபர். பாதர் ஸ்கூல்ல படிச்ச இங்கிலீஷ் கைவசம் இருந்ததால பேப்பர்காரங்க கொழும்புக்கு அனுப்புனாங்க. அங்கிருந்து துபாய். துபாய்ல இருந்து ஆப்பிரிக்கா. ஆப்பிரிக்காவுல எந்த நாடுன்னு சங்ககிரியில கேட்டுப் பாருங்க, "அதானுங்க, ரிக்கு ஓடுற நாடு"ம்பாங்க. திருச்செங்கோட்டு போர்வெல் ரிக்கெல்லாம் கப்பல் ஏறிப் போயி அந்த மண்ணைத் தொளைக்குது. கூடவே நம்ம பசங்களும். ஜெபஸ்டின் அவங்க கேம்ப்லயே படுத்து, அவங்க வடிச்ச சோத்தைத் தின்னு எழுதுனாரு. அந்தச் செய்தியோட வந்த போட்டோவுல ரிக்குமேல கால் தொங்கப் போட்டுக்கிட்டு சிரிச்ச டிரைவர்தான் சங்ககிரி ஷாஹுல்.

அப்பெல்லாம் அவருகிட்ட ஒரு பிடிவாதம் உண்டு. ஒருத்தன் சொன்னான்னு ஒரு வரி எழுத மாட்டாரு. இன்னொருத்தனையும் கேட்டாகணும். தாசில்தாரே சத்தியம் பண்ணினாலும், சரிங்கய்யான்னு கும்பிட்டுட்டு அடுத்த ஆளைத் தேடிப் போவாரு.

பொறகு பேப்பர் விக்கறது கொறைஞ்சுது. வெளிநாட்டு நிருபருக்கெல்லாம் கட்டுபடியாகாதுன்னு, அவரைத் திருப்பிக் கூப்பிட்டு சேலம் பதிப்புக்கு ஜெனரல் மேனேஜர் ஆக்கிட்டாங்க. ஏசி ரூம், சுத்தற நாற்காலி. குண்டு வெடிக்கறதுக்கு நடுவுல செய்தி சொன்ன மனுசன், ஏஜென்டுங்க திருப்பி அனுப்பற விக்காத கட்டுக்குப் பஞ்சாயத்து பண்ணினாரு. மொதப் பக்கம் முழுசா விளம்பரம் புடிக்கறதுதான் இப்ப அவரு வேலை. இந்தப் பக்கம் அந்த வேலைக்கு ஒரு வழக்கம் இருக்குது. எல்லாமே வாய்ப்பேச்சு. ரிக்கு ஓனரோ லாரி ஓனரோ போன்ல, "போட்டுருங்க சார்"னு சொன்னா போட்டுர வேண்டியதுதான். கையெழுத்து கேட்டா அவங்களுக்குக் கோவம் வந்துரும். சொன்ன வாய் மாறாது. திருச்செங்கோட்டு ரிக்கு ஓனர் மருதாசலம் ஒருநாளும் மாறினதில்ல. ஜெபஸ்டினும் மெல்ல மெல்ல அந்த வாய்ப்பேச்சுக்குப் பழகிட்டாரு.

ஆப்பிரிக்காவுல ரிக்கு ஓடுற அந்த நாட்டுல சண்டை வெடிச்ச வாரம், ஷாஹுல் பொண்டாட்டி ஹஃப்சா ஆபீஸுக்கு வந்தா. பழைய பேப்பர்ல வந்த அந்த போட்டோ கையில இருந்துச்சு. புருசனும் கூட இருக்கற பசங்களும் கேம்ப்ல மாட்டிக்கிட்டாங்க. எம்பசிக்காரங்க பஸ் அனுப்பறாங்களாம். ஆனா பாஸ்போர்ட் எல்லாம் ஓனர் மருதாசலத்தோட பொட்டியில பூட்டியிருக்குது. ஆளுங்க பாதியில ஓடிரக் கூடாதுன்னு அங்க எல்லா கேம்ப்லயும் அப்படித்தான். பொட்டிச்சாவி கேம்ப் மேனேஜர் தனபால் இடுப்புல. பொம்பளைங்க எல்லாம் சேர்ந்து கலெக்டர் ஆபீஸுக்குப் போயி உக்காரப் போறோம், நீங்க பேப்பர்ல போடோணும்னு கேட்டா.

ஜெபஸ்டினுக்குக் கை பரபரத்துச்சு. ஆனா மறுநா மொதப் பக்க விளம்பரமே மருதாசலத்தோடதுதான். சென்னையில இருந்து பேப்பரோட சின்ன முதலாளி போன்ல, "சார், லெட்ஸ் நாட் டிஸ்டர்ப் தி கிளையன்ட்"னு பஞ்சு மாதிரி சொன்னாரு. சரி, சத்தமில்லாம முடிச்சிருவோம்னு ஜெபஸ்டின் நேரா மருதாசலத்துக்கே போன் போட்டாரு.

மருதாசலம் பேச்சுல வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' தொங்கும். "ஏனுங்க சார், எனக்குப் புள்ளைங்க மாதிரிங்க அவங்க. தனபாலுகிட்டச் சொல்லிட்டனுங்க. பாஸ்போர்ட்டைக் குடுத்து பஸ் ஏத்தியாச்சுங்க."

பழைய ஜெபஸ்டினா இருந்தா அடுத்த நிமிசம் ஷாஹுலுக்குக் கூப்பிட்டிருப்பாரு. மேனேஜர் ஜெபஸ்டின் "ரொம்ப நன்றிங்க"ன்னு வெச்சுட்டாரு. ஹஃப்சாவைக் கூப்பிட்டு, "பஸ் ஏறிட்டாங்கம்மா. நிம்மதியா இரு"ன்னாரு. அவ மத்த பொம்பளைங்களுக்கும் சொன்னா. யாரும் கலெக்டர் ஆபீஸுக்குப் போகல. ஒரு ஊட்ல பாயசம்கூட வெச்சாங்க.

மறுநா பேப்பர் வந்துச்சு. மொதப் பக்கம் பூரா மருதாசலத்தோட ரிக்கு, பளபளன்னு. அதையே கையில சுருட்டிப் புடிச்சுக்கிட்டு ஹஃப்சா வந்து நின்னா. கத்தல, அழல.

"பஸ் நேத்தே போயிருச்சுங்ணா. இவங்க ஏறல. இப்பத்தான் போன் வந்துச்சு. நீங்க சொன்னீங்கன்னு நாங்களும் சும்மா இருந்துட்டோம்."

ஜெபஸ்டின் எந்திரிச்சாரு, உக்காந்தாரு, மறுபடி எந்திரிச்சாரு. கண்ணாடியை நெத்தியில ஏத்தி, அது அங்க இருக்கறதை மறந்து மேசைமேல தேடுனாரு. ஜோதி கதவோரம் நின்னு பாத்தா. அவளுக்கு அதைச் செஞ்சு காட்டணும்னு தோணல.

ஷாஹுலைக் கைபோன்ல புடிச்சாரு. ஆபீஸ் போன்ல மருதாசலம். ரெண்டுலயும் ஸ்பீக்கரைப் போட்டு மேசைமேல பக்கத்துல பக்கத்துல வெச்சாரு.

ஷாஹுல் சத்தம் தூரத்துல கேட்டுச்சு. தனபால் பொட்டியைத் தொறக்கவே இல்லையாம். காவலுக்கு மாத்து ஆள் வர்ற வரைக்கும் ரிக்கை உட்டு ஒருத்தரும் நகரக் கூடாதுன்னு ஓனர் உத்தரவாம். பஸ் போன ரோட்டை இப்ப மறிச்சுட்டாங்களாம். நடுநடுவுல டமார்னு ஒரு சத்தம். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஹஃப்சா கையில பேப்பர் கசங்குச்சு.

"கேட்டீங்களா?"ன்னு ஜெபஸ்டின் ஆபீஸ் போனைப் பாத்துக் கேட்டாரு. "ஏத்தியாச்சுன்னு சொன்னீங்களே."

மருதாசலம் மறைக்கல. "ரிக்கு போனா நான் போயிட்டனுங்க சார். ஊடு, தோட்டம் எல்லாத்தையும் வித்துத்தானுங்க அதைக் கப்பல் ஏத்தினேன். ரெண்டு நாள்ல அடங்கிரும்னு நெனச்சனுங்க."

"நாளைக்கு உங்க விளம்பரம் வராது. உங்க பேரும் என் பேரும் சேர்ந்து செய்தியா வரும். நீங்க சொன்ன பொய், அதைக் கேட்டு நான் சொன்ன பொய், ரெண்டும்."

மருதாசலம் அழுதாரு. பெரிய ஆளுங்க அழுவுற மாதிரி, இருமிக்கிட்டே. அப்புறம் ஷாஹுல் போன்லயே தனபாலைக் கூப்பிட்டுப் பொட்டியைத் தொறக்கச் சொன்னாரு. பூட்டு கிளிக்குன்னு தொறந்தது இங்க வரைக்கும் கேட்டுச்சு.

"சப்போர்ட் லாரியில டீசல் இருக்குதா சாமி?"ன்னு மருதாசலம் கேட்டாரு. ரிக்குக்குப் பின்னாடி ராடும் பைப்பும் தூக்கிட்டு வர்ற லாரி அது. ஷாஹுல் இருக்குதுன்னான். "ராடையெல்லாம் எறக்கிப் போட்டுட்டு எல்லாரும் அதுல ஏறுங்க. காட்டு வழியா எல்லைக்குப் போங்க."

"ரிக்கு சாவியை என்னங்க பண்றது?"

மருதாசலம் மெதுவா, "வண்டியிலயே உட்டுட்டு வா சாமி"ன்னாரு.

லாரி எஞ்சின் உறுமுற சத்தம் கேட்டுச்சு. ஷாஹுல் 'ஹஃப்சா'ன்னு என்னவோ சொல்ல ஆரம்பிச்சான். அதோட லைன் போயிருச்சு. திருப்பித் திருப்பிப் போட்டாங்க. தொடர்பு எல்லைக்கு வெளியேன்னு ஒரு பொம்பளை எல்லா பாஷையிலயும் சொன்னா.

ஜெபஸ்டின் கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பி அடிக்க உக்காந்தாரு. செய்திக்கு மேல சேலம்னு ஊர்ப் பேரைப் போட்டாரு. போய்ப் பாக்காத எடத்துச் செய்தியை அவரு எழுதறது இதுதான் மொதத் தடவை. போன்ல சின்ன முதலாளியோட சென்னை நம்பர் மின்னி மின்னி அடங்குச்சு. அவரு எடுக்கல.

ஹஃப்சா எதிர் நாற்காலியில உக்காந்திருந்தா. "லாரி கெளம்பிருச்சாங்ணா?"

எஞ்சின் சத்தம் அவரு காதுலயும் விழுந்துச்சு. ஆமான்னு சொல்றதுக்கு வாய் வரைக்கும் வந்துச்சு.

"தெரியலம்மா"ன்னாரு.

அவ தலையாட்டினா. கசங்கின பேப்பரை மடியில வெச்சு நீவி விட்டா. "அப்ப தெரியற வரைக்கும் இங்கயே உக்காந்துக்கறேன்"னா.