சிவப்புக் காருக்கு இன்னொரு பூச்சு

சுவிஸில், பேர்ண் நகரத்துக்குப் பக்கத்தில் ஓஸ்டர்முண்டிகனில் நாங்கள் இருந்த கட்டடத்தில் உடுப்புத் தோய்க்கும் இயந்திரம் நிலவறையில் இருந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முறை ஒதுக்கியிருந்தார்கள். அதைத் தவறவிட்டால் அடுத்த முறை வரும்வரை அழுக்கு உடுப்போடு காத்திருக்க வேண்டியதுதான். இந்தச் சட்டத்தைக் காவல் காத்தவர் கீழ்வீட்டுக்காரர். பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற சுவிஸ்காரர். இயந்திரத்தின் வடிகட்டியில் ஒரு நூல் கிடந்தாலும் மேலே ஏறி வந்து மணியடிப்பார். அம்மாவுக்கு ஜெர்மன் வராது. ஆகவே அவர் அம்மாவைத் திட்டுவதைத் தமிழிலும், அம்மா அவரைத் திட்டுவதை ஜெர்மனிலும் சொல்வது என் வேலை. எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மா சொல்வதில் பாதியைத்தான் நான் அவருக்குச் சொல்வேன். அதனால்தான் அந்தக் கட்டடத்தில் எங்களால் தொடர்ந்து இருக்க முடிந்தது என்று அப்பா சொல்வார்.

அந்தக் குளிர்காலத்தில் கீழ்வீட்டுக்காரரின் மனைவி இறந்துபோனார். பிள்ளைகள் இல்லை. அதன் பிறகு அவர் மணியடிக்க வருவதும் நின்றுபோயிற்று. வடிகட்டியில் நூல் கிடந்தபடியே கிடந்தது. அம்மாவுக்கு அது பெரிய நிம்மதியாக இருந்திருக்க வேண்டும், ஆனால் அம்மா அதைப் பற்றிக் கவலைப்பட்டதுதான் எனக்கு நினைவிருக்கிறது.

அந்த வசந்தத்தில்தான் மாமா வந்து சேர்ந்தார். அம்மாவின் தம்பி. ஊரில் அவரைப் பிடித்துக்கொண்டு போய்ச் சில காலம் அடைத்து வைத்திருந்தார்கள் என்பது மட்டும் எனக்குத் தெரியும். மிச்சத்தைப் பெரியவர்கள் குசினிக் கதவைச் சாத்திவிட்டுக் கதைத்தார்கள். அகதி விண்ணப்பம் கொடுத்திருந்தார். வேலை செய்ய இன்னும் அனுமதி வரவில்லை. அப்பா ஆஸ்பத்திரிச் சமையலறைக்கும் நான் பள்ளிக்கூடத்துக்கும் போன பிறகு மாமா பல்கனிப் பக்கக் கதிரையில் இருப்பார். நான் திரும்பி வரும்போதும் அதே கதிரையில் இருப்பார். முன்னால் வைத்த தேத்தண்ணி ஆடை படர்ந்து கிடக்கும். சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார், சாப்பிடமாட்டார்.

கீழ்வீட்டுக்காரரிடம் ஒரு கார் இருந்தது. எங்கள் கட்டடத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் அதைத் தெரியும். முழுக் கார் என்று அதைச் சொல்ல முடியாது. துண்டு துண்டாகப் பெட்டியில் வருவதை வாங்கி வீட்டிலே பொருத்தும் கார். ‘கேஃபர்’ என்று அவர்கள் சொல்லும் பழைய வண்டுக் காரின் அடிப்பாகத்தையும் எஞ்சினையும் எடுத்து, அதன்மேல் பைபர்கிளாஸ் உடலைப் பூட்டியிருந்தார். தெருக்கோடியில் இருந்த ஒரு விவசாயியின் கொட்டிலில் அது நின்றது. மனைவியோடு மலைகளைத் தாண்டித் தெற்கே போக வேண்டும் என்று கட்டத் தொடங்கியது. எஞ்சின் ஓடும், ரயர் இருந்தது. பெயின்ற் இல்லை, சீற்றுக்கு உறை இல்லை, கதவுக்கு உள்பக்கம் இல்லை. மனைவி போன பிறகு அவர் கொட்டில் பக்கமே போகவில்லை.

ஒருநாள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினார். உடுப்புக் கூடை கையில் இல்லை. நேரே போய் அவருடைய மணியை அடித்தார்.

“பிள்ளை, சொல்லு. என்ரை தம்பி ஊரிலை காருக்கெல்லாம் பெயின்ற் அடிச்சவர் எண்டு சொல்லு.”

“அப்பிடியோ? எனக்குத் தெரியாதே!”

“உனக்கு எல்லாம் தெரியவேணுமோ? சொல்லு.”

சொன்னேன். கீழ்வீட்டுக்காரர் கதவு நிலையைப் பிடித்தபடி அம்மாவைப் பார்த்தார். சவரம் செய்யாத முகம். நாளைக்கு வரச் சொல் என்றார்.

மேலே வந்ததும் அம்மா மாமாவிடம், “தம்பி, கீழ்வீட்டு மனுசன் பாவம். காருக்குப் பெயின்ற் அடிக்க வேணுமாம், கை நடுங்குதாம். உதவிக்கு ஒருத்தரும் இல்லையாம். உன்னைக் கேக்கிறார்” என்றார். அவர் அப்படி ஒன்றும் கேட்கவில்லை. கை நடுங்கும் கதை என் மொழிபெயர்ப்பில் வரவே இல்லை. வாயைத் திறந்தேன். அம்மா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நானும் மாமாவும் கீழ்வீட்டுக்காரரும் கொட்டிலுக்குப் போனோம். மொழிபெயர்ப்பாளர் என்ற முறையில் எனக்கு ஒரு கவிழ்த்த வாளி ஆசனமாகக் கிடைத்தது. மாமா கார் உடலைத் தட்டிப் பார்த்தார். “எங்கடை கடற்கரை வள்ளங்கள் மாதிரி” என்றார். அது அவர் சில நாட்களாகப் பேசியதில் மிக நீளமான வசனம்.

பயிருக்கு மருந்தடிப்பதுபோல விசிறிப் பெயின்ற் அடிக்கும் கடைக்குக் காரைக் கொடுக்க வசதியில்லை. விவசாயிகள் உழவு இயந்திரத்துக்கு அடிக்கும் சிவப்புப் பெயின்ற் மலிவாகக் கிடைத்தது. அதைத் தண்ணியாகக் கரைத்து, பஞ்சு உருளையால் உருட்டி, காய்ந்த பிறகு சாண்ட் பேப்பரைத் தண்ணீரில் தோய்த்துத் தேய்த்து, திரும்பவும் உருட்ட வேண்டும். பொறுமையாகச் செய்தால் கடையில் அடித்ததுபோலவே வரும் என்று கீழ்வீட்டுக்காரர் சொன்னார். மாமா உருளையை வாங்கி, முக்கி, முன்மூடியில் ஒரு இழுப்பு இழுத்தார். பெயின்ற் கண்ணீர்போல வழிந்து இறங்கியது.

கீழ்வீட்டுக்காரர் அதைப் பார்த்தார். பிறகு என்னிடம், உன் மாமா ஊரில் எவற்றுக்குப் பெயின்ற் அடித்திருக்கிறார் என்று கேட்டார். நான் மாமாவிடம் கேட்டேன்.

“கிணத்துக்கட்டுக்கு அடிச்சனான்” என்றார் மாமா யோசித்து. “பிறகு ஒரு சைக்கிளுக்கு.”

அப்படியே சொன்னேன். கீழ்வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். சைக்கிள் என்ன நிறம் என்று கேட்டார். பச்சை என்றார் மாமா. “ஆ, பச்சை” என்றார் கீழ்வீட்டுக்காரர், அது ஒரு முக்கியமான தகவல் என்பதுபோல. பிறகு உருளையை எப்படிப் பிடிப்பது என்று காட்டினார். கொஞ்ச நேரத்தில் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, முன்விளக்கின் கடுகளவு ஆணிகளை விரல்நுனியால் எடுத்து ஒவ்வொன்றாகப் பூட்டினார். ஒன்றுகூடக் கீழே விழவில்லை. மாமா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“பிள்ளை, இந்தாளுக்கு எந்தக் கை நடுங்குது?”

“அம்மாட்டைக் கேளுங்கோ” என்றேன்.

மாமா கேட்கவில்லை.

முதற் பூச்சில் கொட்டிலின் மறுபக்கத்து மாடுகளை மொய்க்கும் இலையான்கள் பறந்து வந்து ஒட்டின. அம்மாவின் புருவச் சாவணத்தால் மாமா அவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். அடுத்த பூச்சில் வைக்கோல் தூசி. அதற்குப் பிறகு நிலத்துக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு அடித்தார்கள். ஒவ்வொரு முறையும் கீழ்வீட்டுக்காரர் காரைச் சுற்றி வந்து, குனிந்து, வெளிச்சத்துக்குத் தலையைச் சரித்துப் பார்த்து, எங்காவது ஓரிடத்தில் விரலை வைப்பார். “நோ ஐனிஷ்” என்பார். பேர்ண்காரரின் ஜெர்மனில் அதற்கு இன்னொருமுறை என்று அர்த்தம். மாமா முழுவதையும் தேய்த்துவிட்டுத் திரும்ப அடிப்பார்.

கோடை முழுக்க இது நடந்தது. கடைசியில் ஒருநாள் காரில் என் முகம் தெரிந்தது. விழுந்த பல்லின் இடைவெளி தெரிந்தது. கொட்டில் கதவுக்கு வெளியே போகும் பஸ்கூட அதில் சிவப்பாக வளைந்து போனது. அன்றும் கீழ்வீட்டுக்காரர் கதவின் மூலையில் ஓரிடத்தைக் காட்டினார். நான் மூக்கு முட்டும் அளவுக்குக் கிட்டப் போய்ப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை.

“நோ ஐனிஷ்.”

எனக்குக் கோபம் வந்தது. “நான் இதைச் சொல்லமாட்டேன்” என்று ஜெர்மனில் கத்தினேன்.

மாமா ஏற்கெனவே சாண்ட் பேப்பரைத் தண்ணீரில் போட்டிருந்தார். “நீ சொல்லாட்டிலும் எனக்கு விளங்குது பிள்ளை. விடு” என்றார். அவர் சிரித்ததுபோல் இருந்தது.

வீட்டுக்கு ஓடிப்போய் அம்மாவிடம் முறையிட்டேன். அந்தக் கிழவர் மாமாவைச் சும்மா வேலை வாங்குகிறார், பிழை இல்லாத இடத்தில் பிழை பிடிக்கிறார் என்றேன். உடுப்புத் தோய்க்கும் விஷயத்தில் ஒரு நூலுக்காகச் சண்டை பிடித்த அம்மா இப்போது சண்டைக்குப் போவார் என்று நினைத்தேன். அம்மா அடுப்பைப் பார்த்தபடி, “அப்பிடியோ சொன்னவர்?” என்றார். பிறகு ரொட்டியைக் கூடுதலாகச் சுட்டு, சம்பலும் வைத்துக் கட்டி, “கொண்டுபோய்க் குடு. ரெண்டு பேரும் சாப்பிடட்டும்” என்றார். மாமா அப்போதெல்லாம் கொட்டிலிலே நன்றாகச் சாப்பிட்டார். கீழ்வீட்டுக்காரர் சம்பல் உறைப்பில் கண் கலங்கி, ஒவ்வொரு முறையும் “மெர்சி” என்று நன்றி சொல்லி, ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் எடுத்தார். முகத்தைச் சவரம் செய்திருந்தார்.

பெயின்ற் ஒருவழியாக முடிந்து, உள்வேலை தொடங்கியது. சீற்றுகள் பழைய கார்கள் குவிக்கும் இடத்திலிருந்து வந்தவை. பக்கத்துக் கட்டடத்தில் கழற்றி எறிந்த கம்பளத்தை வெட்டி நிலத்துக்கு விரித்தார்கள். மலிவாகக் கிடைத்த கருநீல றெக்சினில் அம்மா எங்கள் தையல் மெசினில் சீற்று உறை தைத்தார். றெக்சின் ஊசியை முறித்துக்கொண்டே இருந்தது. ஆனாலும் தையல் கோடு போட்டதுபோல நேராக வந்தது. அம்மாவே அதைத் தூக்கிப் பிடித்துப் பெருமையாகப் பார்த்தார்.

அடுத்த ஞாயிறு காலை நான் எழும்பி வந்தபோது, மாமா நிலத்தில் குந்தியிருந்து பிளேட்டால் அந்தத் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

“ஏன் மாமா பிரிக்கிறியள்? வடிவாத்தானே இருக்கு!”

“கோணல்.”

“நேராத்தான் இருக்கு.”

“உனக்குத் தெரியாது. கோணல். போய்க் கீழ்வீட்டு ஐயாட்டைச் சொல்லு, சீற்று இந்தக் கிழமை சரிவராது, அடுத்த கிழமைதான் எண்டு.”

அம்மா குசினி வாசலில் வந்து நின்றார். தான் ஊசி முறித்துத் தைத்த தையல் இழை இழையாகப் போவதைப் பார்த்தார். பிறகு உள்ளே போய்விட்டார். நான் கீழே போய்ச் செய்தியைச் சொன்னேன். கீழ்வீட்டுக்காரர் முகம் சுளிப்பார் என்று எதிர்பார்த்தேன். நல்லது, நல்லது என்றார். அப்படியென்றால் கதவின் உள்பக்கத்தையும் கழற்றித் திரும்பச் செய்யலாம், அதுவும் தனக்குத் திருப்தியில்லை என்றார். இந்த இரண்டு பேரும் சேர்ந்து ஒரு காரை எப்போதுமே முடிக்கமாட்டார்கள் என்று நான் முடிவு செய்தேன். பெரியவர்களுக்கு வேலை செய்யத் தெரியாது என்பது எனக்கு அந்த வருடம் உறுதியாயிற்று.

இலையுதிர் காலத்தில் இரண்டு செய்திகள் ஒன்றாக வந்தன. குளிர்காலத்துக்குக் கொட்டில் தனக்கு வேண்டும் என்றார் விவசாயி. மாமாவுக்கு வேலை அனுமதி கிடைத்து, மலைப்பக்கத்து ஹோட்டல் ஒன்றில் இடமும் கிடைத்தது. அங்கேயே தங்கும் அறை. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அப்பா மாமாவுக்குத் தடித்த குளிர்ச்சட்டை வாங்கி வந்தார். மிச்ச வேலையை முடித்து, தெருவில் ஓட அனுமதி வாங்கக் கார் பரிசோதனைக்குப் போயிற்று. அதிகாரி கீழே படுத்துப் பார்த்து, விளக்கைப் போட்டுப் பார்த்து, பிரேக்கை அமத்திப் பார்த்து, ஒரு குறையும் சொல்லாமல் விட்டுவிட்டார். இத்தனை மாதமாகக் குறை கண்டுபிடித்த மனிதருக்கு முன்னால் அந்த அதிகாரி எனக்கு மிகச் சாதாரணமானவராகத் தெரிந்தார்.

அம்மாவிடம் இதையெல்லாம் பற்றி நான் கேட்டது பெரியவளாகி, எனக்கும் ஒரு பிள்ளை பிறந்த பிறகுதான். அம்மா சலவை மடித்துக்கொண்டிருந்தார். “அந்தாள் உன்ரை மாமாவுக்காக இழுத்தடிச்சவர். உன்ரை மாமா அந்தாளுக்காக இழுத்தடிச்சவன். ரெண்டு பேருக்கும் தெரியும்” என்றார். “நீங்கள் ரெண்டு பேருக்கும் சொன்னது பொய் எண்டும் தெரியுமோ?” என்றேன். “அது முதல் நாளே தெரியும்” என்றார் அம்மா.

ஆனால் அன்று எனக்கு ஒன்றும் தெரியாது. மாமா ஹோட்டலுக்குப் போவதற்கு முந்திய நாள் ஞாயிற்றுக்கிழமை, காரின் முதல் ஓட்டம். கீழ்வீட்டுக்காரர் கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். மாமா தலையை ஈரமாக்கிச் சீவியிருந்தார். நான் பின்னால் இருந்த சிறிய இடத்தில் முழங்காலை மடித்து உட்கார்ந்தேன். எஞ்சின் எனக்குப் பின்னால் உறுமியது. அம்மாவும் அப்பாவும் பல்கனியில் நின்று கையசைத்தார்கள். பான்டிகர் மலைப்பக்கம் ஏறும் பாதையில் போனோம். தோட்டங்களில் நின்றவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள், பிள்ளைகள் வேலிவரை ஓடிவந்தார்கள். நான் இரண்டு பக்கமும் கைகாட்டிக்கொண்டு வந்தேன். என் வாழ்க்கையில் அதுவரை அப்படி ஒரு பெருமை வந்ததில்லை.

மேட்டில் ஓரிடத்தில் கீழ்வீட்டுக்காரர் காரை நிறுத்தினார். பனிமலைகள் வரிசையாகத் தெரிந்தன. இரண்டு பேரும் இறங்கினார்கள். கீழ்வீட்டுக்காரர் முன்மூடியில் உள்ளங்கையை வைத்தார். மெல்லத் தடவிக்கொண்டே மறுபக்கம்வரை போனார். நான் வழக்கமான சொல்லுக்காகக் காத்திருந்தேன்.

“ஃபெர்டிக்” என்றார்.

“என்னவாம்?” என்றார் மாமா. அந்தச் சொல் அவருக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்.

“முடிஞ்சுதாம்.”

மாமா தலையை ஆட்டினார். கீழ்வீட்டுக்காரர் மலைகளைப் பார்த்தார், மாமா புல்லைப் பார்த்தார். கார் முடிந்துவிட்டது, ஓடுகிறது, ஊரே திரும்பிப் பார்க்கிறது. இருவரும் செத்தவீட்டு வாசலில் நிற்பவர்கள்போல நின்றார்கள். ஏதோ பெரிய பழுது ஒன்றைக் கண்டுவிட்டு என்னிடம் மறைக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. இறங்கி, காரைச் சுற்றி வந்து, குனிந்து, வெளிச்சத்துக்குத் தலையைச் சரித்துத் தேடினேன். எவ்வளவு தேடியும் எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.