மஸ்டாங்கும் கமாரோவும் சமமான நாள்

எங்கள் குடும்பத்தில் அமெரிக்காவுக்குப் போனவர்கள் யாரும் இல்லை. ஆனால் அமெரிக்காவின் இரண்டு கார்களுக்காகச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் அப்பாவின் தம்பி, என் சித்தப்பா. இன்னொருவர் அம்மாவின் தம்பி, என் மாமா. இருவரும் மூணாறில் சுற்றுலா வருகிறவர்களுக்கு ஜீப் ஓட்டினார்கள். எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் அடுத்தடுத்த வீட்டில் இருந்தார்கள். சித்தப்பா கமாரோ கட்சி, மாமா மஸ்டாங் கட்சி. இரண்டு காரையும் போனில் பார்த்ததோடு சரி.

அந்தக் கார்களின் சண்டையும் விசேஷமானது. இரண்டும் பக்கம் பக்கமாக ஓடவே வேண்டாம். ஒரு கம்பெனிக்காரன் தன் புது வண்டியைப் பந்தயப் பாதைக்குக் கொண்டுபோய், தனியாக ஒரு சுற்று ஓட்டி, இத்தனை நிமிடம் இத்தனை நொடி என்று அறிவிப்பான். கொஞ்ச நாளில் அடுத்தவன் டயரை அகலமாக்கி, பின்னால் ஒரு இறக்கையையும் மாட்டிக்கொண்டு வந்து, அதில் இரண்டு நொடியைக் குறைத்துக் காட்டுவான். அந்த இரண்டு நொடிக்கு எங்கள் லயத்தில் இரண்டு நாள் பேச்சுவார்த்தை கிடையாது. மாமாவின் ஜீப் முதுகில் மஸ்டாங்கின் ஓடுகிற குதிரை ஸ்டிக்கர் இருந்தது. சித்தப்பா தன் ஜீப்புக்குக் கமாரோ மாதிரி மஞ்சள் அடித்து, பானெட்டில் இரண்டு கறுப்புப் பட்டை போட்டிருந்தார். இரண்டு ஜீப்புகளும் என்னைவிட வயதில் மூத்தவை என்பதை இருவரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது ஒரு நாள் ஹர்த்தால் வந்தது. பள்ளிக்கூடம் இல்லை, கொழுந்து எடுக்கவும் ஆள் இல்லை, ஜீப்புக்கு சவாரியும் இல்லை. வண்டி கழுவப் போகிறோம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு இருவரும் கிளம்பினார்கள். என்னையும் ஏற்றிக்கொண்டார்கள்.

வண்டிகள் ஓடைக்குப் போகாமல் மேலே கொழுந்து நிறுக்கும் ஷெட்டுக்குப் போயின. அங்கிருந்து ஒரு தேயிலை மலையைச் சுற்றிக்கொண்டு போய், மறுபக்கமாக அதே ஷெட்டுக்கு வந்து சேரும் மண் ரோடு ஒன்று உண்டு. ஒரு ஜீப் போனால் இன்னொன்று ஒதுங்க இடம் கிடையாது.

“அமெரிக்காக்காரன் மாதிரி நாமளும் தனித்தனியா ஓட்டுவோம் மாப்ள. நேரம் சொல்லட்டும், எது பெருசுன்னு,” என்றார் சித்தப்பா.

“நேரத்த யாரு பாக்கது மச்சான்? நீரு பாத்தா நான் ஒத்துக்கமாட்டேன்.”

“பாப்பா பாக்கட்டும். எனக்கு அண்ணன் மவ, ஒனக்கு அக்கா மவ. அவ யாருக்காகப் பொய் சொல்லப் போறா?”

எனக்குத் தலைகால் புரியவில்லை. மாமா தன் போனில் நிறுத்துக் கடிகாரத்தைத் திறந்து என் கையில் கொடுத்தார். இன்னொரு நிபந்தனையும் பேசிக்கொண்டார்கள். தோற்றவன் மறுபடி ஓட்டலாம், ஜெயிக்கும்வரை ஓட்டலாம். கம்பெனிக்காரர்கள் அப்படித்தானே செய்கிறார்கள் என்றார் மாமா.

மாமா முதலில் போனார். மலைக்குப் பின்னால் வண்டி மறைந்ததும் என் பெருமை எல்லாம் போய்விட்டது. அங்கே பாறையை ஒட்டி ஒரு வளைவு இருக்கிறது. அதற்குக் கீழே ஓடை வரைக்கும் வெறும் சரிவு. விறகு பொறுக்கப் போனால்கூட அந்தப் பக்கம் போகக்கூடாது என்பது அம்மாவின் கட்டளை. வண்டி கண்ணுக்குத் தெரியவில்லை, சத்தம் மட்டும் வந்தது. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆறு நிமிடம் பத்து நொடியில் மாமா தெறித்த மண்ணோடு வந்து இறங்கிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சித்தப்பா மீசையைத் தடவிக்கொண்டு ஏறினார். மஞ்சள் ஜீப் கல்லை வாரி இறைத்துக்கொண்டு போனது. மாமாவைவிட வேகமாகப் போகிறார் என்பது எனக்கே தெரிந்தது. மூன்று நிமிடம் ஆகும்போது டயர் சறுக்குகிற சத்தம் கேட்டது. பிறகு எதுவும் கேட்கவில்லை.

ஹர்த்தால் நாளில் மலை எவ்வளவு அமைதியாக இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். போனில் எண்கள் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தன. மாமா என் தோளுக்குப் பின்னால் குனிந்து நின்றார். அவர் மூச்சில் போன் கண்ணாடி மங்கியது, நான் பாவாடையால் துடைத்தேன். நான்கு நிமிடம். நான்கரை. “ஒண்ணுமில்ல பாப்பா, கியர் மாத்துவாரு,” என்றார் மாமா. கியர் மாற்ற அவ்வளவு நேரம் ஆகாது என்பது ஜீப் வீட்டுப் பிள்ளையான எனக்குத் தெரியாதா? பிள்ளையாருக்குத் தேங்காய் ஒன்றில் தொடங்கி ஐந்து வரைக்கும் வேண்டிக்கொண்டேன். மாமா நாலு எட்டு ரோட்டில் ஓடினார், நின்றார், திரும்பி வந்து மறுபடி போனைப் பார்த்தார்.

ஐந்தாவது தேங்காய்க்கு எஞ்சின் உறுமியது.

மஞ்சள் ஜீப் மெதுவாக, கல்யாண வண்டி மாதிரி வந்தது. நான் கடிகாரத்தை நிறுத்தினேன். ஒன்பது நிமிடம் ஐந்து நொடி. சித்தப்பா இறங்கவில்லை. பின் பம்பரில் ஒரு தேயிலைச் செடி வேரோடு சிக்கிக்கொண்டிருந்தது.

“எவ்வளவு பாப்பா?” என்றார்.

என் தலைக்குள் கணக்கு ஓடியது. உள்ளதைச் சொன்னால் சித்தப்பா தோற்றவர், மறுபடி அந்த வளைவுக்குப் போவார். குறைத்துச் சொன்னால் மாமா தோற்றவர், மாமா போவார். யாரும் போகக்கூடாது. அந்தச் சத்தம் நிற்பதை இன்னொரு தடவை என்னால் கேட்க முடியாது.

“ஆறு நிமிசம் பத்து நொடி,” என்றேன். “ரெண்டு பேரும் சமம்.”

சொல்லிவிட்டு எண்களை அழித்துவிட்டேன். எந்த நிமிடமும் மாட்டிக்கொள்வேன் என்று தரையைப் பார்த்தபடி நின்றேன்.

மாமாதான் முதலில் பேசினார். “சமந்தான் மச்சான். நானுந்தான் கூட நின்னு பாத்தேன்.”

சித்தப்பா எஞ்சினை அணைத்தார். “சமம்னா இனி ஓட்ட வேண்டியதில்லல்லா,” என்றார்.

“எதுக்கு ஓட்டணும்? தள்ளி ஒக்காரும்.”

மாமா தன் ஜீப்பை ஷெட்டிலேயே விட்டுவிட்டு, சித்தப்பாவின் ஜீப்பில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தார். நான் நடுவில் உட்கார்ந்தேன். சித்தப்பா இரண்டு கைகளையும் அக்குளில் வைத்து இறுக்கிக்கொண்டிருந்தார்.

“குளிருதா சித்தப்பா?”

“ஆமா பாப்பா. குளிரு சாஸ்தி.”

உச்சி வெயில் அடித்துக்கொண்டிருந்தது. பெரியவர்களுக்கு எப்போது குளிரும் என்று யாருக்குத் தெரியும் என்று விட்டுவிட்டேன்.

லயத்து வாசலில் அம்மா ஜீப்பைச் சுற்றி வந்து பார்த்தாள். “கழுவப் போன வண்டியில ஏதுடா இம்புட்டு மண்ணு?”

“ஓடையில தண்ணி இல்லக்கா,” என்றார் மாமா. முந்தின இரண்டு நாளும் பெய்த மழையில் ஓடை இரைவது வாசல் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தது. அம்மா சித்தப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய், கேட்காமலே அவருக்குச் சர்க்கரை தூக்கலாக ஒரு டீ கொண்டுவந்து கொடுத்தாள்.

சாப்பிட்டுவிட்டு மாமா தன் ஜீப்பை எடுக்க அவ்வளவு தூரமும் மேலே நடந்து போனார். இரண்டு ஜீப், இரண்டு டிரைவர், ஆளுக்கொன்றை ஓட்டிக்கொண்டு வந்திருக்கலாமே என்று வாசலில் நின்று யோசித்தேன். ஆனால் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. அவ்வளவு பெரிய பொய்யைச் சொல்லி இரண்டு பேரையும் நம்ப வைத்துவிட்ட சந்தோஷத்தில் இருந்தேன்.